நிலைக் குறிப்பு

பெட்டி எண் ஏழு. சாங்கி கிடங்கு, காலை ஒன்பதேகால்.
இருபத்தோரு டிகிரி. ஈரப்பதம் ஐம்பது.
ரஸாலி திருகாணிகளைக் கழற்ற
நான் கையுறை மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினேன்:

வேட்டைக்காரன், ஒருவன்.
கரும்பச்சைக் கல். உயரம் முப்பத்தெட்டு செண்டிமீட்டர்.
இடது முழங்காலில் பழைய கீறல், அரம் வழுக்கியது.
வலக்கை மூடியிருக்கிறது.
மூடிய கைக்குள் துளை.
துளைக்குள் ஒன்றுமில்லை.

ஈட்டி வரவில்லை.
வால்ரஸ் தந்தத்தில் செய்தது, விரல் நீளம்,
அனுமதிக் கடிதத்தில் ஒரு கையெழுத்துக் குறைந்ததால்
ஒட்டாவாவிலேயே நின்றுவிட்டது.

செய்தவள் மறுநாள் வந்தாள்.
ஊலூசி. அறுபத்தொன்பது வயது.
வாசலில் காவலர் வருகையாளர் அட்டையை நீட்டினார்,
எண் 0417, கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று.
நாடாவைத் தலைவழி இறக்கிக்கொண்டே சொன்னாள்:
சின்னப் பிள்ளையில் எனக்கும் ஒன்று இருந்தது.
எங்கள் பெயர் அரசாங்கத்தின் வாயில் நுழையவில்லை,
அதனால் வில்லையில் எண் அடித்துக் கொடுத்தார்கள்.
சிரிப்பதா என்று தெரியாமல்
காவலர் மின்விசிறியைப் பார்த்தார்.

பனிக்கு எத்தனை சொல் என்று நான் கேட்கப்போவதை
எப்படியோ கண்டுகொண்டு
கேட்டால் ஐந்து வெள்ளி என்றாள்.
கேட்டேன். கொடுத்தேன்.
அந்தக் காசில் இரண்டு கோப்பி ஓ பெங் வாங்கி வந்தாளே தவிர
பதில் வரவில்லை.

முதல் சிற்பம் ஒரு சீல், உள்ளங்கை அளவு.
கூட்டுறவுக் கடையில் கொடுத்து
மாவும் பால்மாவும்
பனிவண்டிக்கு ஒரு ஸ்பார்க் பிளக்கும் வாங்கினாளாம்.
நாற்பது வருடம் கழித்து ஏலப் பட்டியல் ஒன்றில் பார்த்தாள்.
வயிற்றைப் பார்த்ததும் தெரிந்தது, என்றாள்.
அன்று எனக்குப் பசி. சீலைக் கொழுக்கச் செய்திருந்தேன்.
ஏலவிலை பற்றிப் பேச்சில்லை.
இருமினாள்.
மைனஸ் முப்பதில், வீட்டுக்குப் பின்னால்,
கல்லறுக்கும் இயந்திரத்தோடு நின்ற குளிர்காலங்கள்
ஒவ்வொன்றாக வெளியே வந்துபோயின.

பிறகு வேட்டைக்காரனை வெறுங்கையால் தூக்கினாள்.
நான் பதறினேன்.
கட்டைவிரலை நக்கி முழங்காலில் தேய்த்தாள்.
கருமைக்குள்ளிருந்து பச்சை
விழித்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தது, காய்ந்தது.
இதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.

கண்காட்சிக்குப் பொறுப்பான சியூ மெய்
பிசினில் ஒரு ஈட்டி அச்சடித்துவிடலாம் என்றார், இரண்டே நாள்.
ஊலூசி மூடிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
வெறுங்கையோடு நின்றால்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி இருக்கிறான், இல்லையா?

அன்று சாயங்காலம் பிடோக் உணவங்காடி நிலையம். மழை.
சாத்தே பத்துக் குச்சி.
கறி தின்றது நான்.
அவள் குச்சிகளை மோந்தாள், வளைத்தாள்,
ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தாள்.
நுனி கருகிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து
பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்து
வேர்க்கடலைக் குழம்பு சிந்திய மேசையிலேயே
ராவ ஆரம்பித்தாள்.
தட்டு எடுக்க வந்த பெரியவர்
எடுக்காமல் நின்றார்.
அரை மணி நேரம் எங்கள் மேசைக்கு வேறு யாரும் வரவில்லை.

திறப்பு விழாவன்று பெயர்ப்பலகையில்
சியூ மெய் வெகுநேரம் யோசித்துச் சேர்த்தது:
கல், மூங்கில்.

மூன்றாம் வாரம் தந்த ஈட்டி வந்து சேர்ந்தது,
எல்லாக் கையெழுத்துகளோடும்.
மாற்றவா என்று கேட்டு எழுதினேன்.
அவள் ஊரில் அப்போது புயல், இணைப்பு இல்லை.
ஆறு நாள் கழித்து ஒரே வரி:
விடு, அவனுக்குப் பழகிவிட்டது.

பெட்டி எண் ஏழு. திரும்பும் பயணம்.
கை: மூடியிருக்கிறது.
துளை: காலி இல்லை.
ஈட்டி: மூங்கில். நுனியில் கருகல், சேதம் அல்ல.
காப்புறுதிக்கான மதிப்பு: எண்பது காசு.
ஓரத்தில், பென்சிலால்:
வேர்க்கடலை வாசம்.
லேசாக.